மெர்டேக்காவா, புக்கிட் ஜாலிலா?

கோலாலம்பூரில் ஒரே ஒரு அரங்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் எதற்கு அழைத்துப் போவது? வசதி என்று பார்த்தால் புக்கிட் ஜாலில்தான். 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது. 80,000 பேருக்கு மேல் உட்காரலாம், எல்ஆர்டி ரயில் வாசலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அந்தப் போட்டியில்தான் நம் மலேசிய வீரர் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். அப்புறம் 2001, 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுகளும் இங்கேதான். காற்பந்து பார்க்க மட்டும் எனக்கு இது பிடிக்காது. நடுவில் ஓட்டப்பாதை இருப்பதால் பந்து எங்கோ தூரத்தில் ஓடுகிறது.

மெர்டேக்கா அரங்கத்தின் கதை வேறு. 20,000 பேர் அளவுதான். ஆனால் 1957 ஆகஸ்ட் 31 காலை, நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" (சுதந்திரம்) என்று முழங்கியது இங்கேதான். 1963 செப்டம்பரில் மலேசியா உருவான அறிவிப்பும் இங்கேதான். 1975இல் மட்டும் பாருங்கள்: மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்றது, ஜூலையில் முகமது அலி குத்துச்சண்டையில் ஜோ பக்னரோடு மோதினார். 1980இல் காற்பந்தில் ஆர். ஆறுமுகம் கோல் காக்க, தென் கொரியாவை வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றோம். அந்த ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அந்த அணி போகாமலே போனது இன்னும் வலிக்கிறது.

என் ஓட்டு மெர்டேக்காவுக்கே. சிமெண்டுப் படிகளில் நின்று, துங்கு நின்ற திடலைக் காட்டி இந்தக் கதைகளைச் சொல்லுங்கள்.