கண்ணாடி மைக்ராஸ்கோப்பா, ஃபோல்ட்ஸ்கோப்பா?

பிளஸ் ஒன் உயிரியலுக்காக வீட்டில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்குவதென்றால், யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பை முதலில் தள்ளி வையுங்கள். பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருப்பார்கள், அது பெரும்பாலும் படத்தைத் திரையில் இழுத்துப் பெரிதாக்கிய கணக்கு. எறும்பு, பூ பார்க்கலாம். செல்லுக்கு உதவாது.

மிச்சம் இரண்டு: காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப், கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி வைத்த கூட்டு நுண்ணோக்கி. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கி 2014-இல் வெளியிட்ட காகித ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும், விலையும் குறைவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரெட்டேரிக் கரைக்கே போய் ஒரு சொட்டுத் தண்ணீரில் என்னவெல்லாம் நீந்துகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம், இந்த சந்தோஷத்தை லேப் மேஜை தராது. ஆனால் இருப்பது ஒரே லென்ஸ். பிராக்டிகலுக்கு வேண்டிய கைப்பழக்கம் இதில் வராது.

அந்தப் பழக்கம் கூட்டு நுண்ணோக்கியில்தான் வரும். எப்போதும் 10 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள், பக்கவாட்டில் பார்த்தபடி லென்ஸையும் ஸ்லைடையும் நெருக்கிவிட்டு, அப்புறம் கண்ணை வைத்து விலக்கிக்கொண்டே ஃபோகஸ் பிடியுங்கள். 40-க்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, அங்கே இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கவர் ஸ்லிப் உடைந்து லென்ஸும் கீறிவிடும். ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினால் படம் வலப்பக்கம் ஓடும். இது கைக்குப் பழகத்தான் வேண்டும்.

வெளிச்சம்தான் நம் வடசென்னைப் பக்கத்துப் பிரச்சினை. வியாசர்பாடி, ராயபுரம் சந்து வீடுகளில் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கும். வானத்து வெளிச்சத்தைப் பிடியுங்கள், கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்பாதீர்கள், கண் போய்விடும். ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் இல்லையென்றால் கண்ணாடியின் குழிந்த பக்கம், இருந்தால் சமதளப் பக்கம். சாயம் போடாத வெங்காயத் தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயஃப்ரத்தைக் கொஞ்சம் மூடினால்தான் செல்சுவர் தெளிவாகும். நிறைய பேர் முழுசாகத் திறந்துவிட்டு ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள்.

எதை வாங்கினாலும் காற்று சிக்காதபடி கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்கப் பழக வேண்டும். தடித்த கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரிவது காற்றுக்குமிழி, அதைச் செல் என்று ரெக்கார்டு நோட்டில் வரையாதீர்கள்.

பள்ளியில் தாராளமாகத் தொட விட்டால் வீட்டுக்கு ஃபோல்ட்ஸ்கோப் போதும். வகுப்பே ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி நிற்கிறதென்றால், செகண்ட் ஹேண்டாவது பரவாயில்லை, கூட்டு நுண்ணோக்கியே வாங்குங்கள். வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: கடல் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் நூல் நூலாகத் தெரியும். வீட்டிலும் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.