லாண்ட்வேர் கால்வாய்க் கரையில் ஒரு சந்தை

பெர்லினுக்கு வந்த புதிதில், குளிரைக் காட்டிலும் கடைகளின் மௌனம்தான் எனக்குப் பழகாமல் இருந்தது. பல்பொருள் அங்காடியில் ஒரு வாரக் காய்கறியை யாரிடமும் ஒரு சொல் பேசாமல் வாங்கி வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையானால் அவையும் அடைத்துக் கிடக்கும். ஆகவே, நொய்க்கோல்ன் பகுதியில் லாண்ட்வேர் கால்வாயை ஒட்டிய மைபாக்ஊஃபர் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் துருக்கியச் சந்தைக்கு முதன்முதலாகச் சென்றபோது, வியாபாரிகள் விலை கூவுவதைக் கேட்டதுமே மனம் இளகிவிட்டது.

யூ8 சுரங்க ரயில் தடத்தில் ஷோன்லைன்ஷ்ட்ராஸ நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். நடைபாதையை ஒட்டி மிதிவண்டிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் பட்டையில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள்; முதல் நாள் நான் அதன்மேல் நடந்து, மணியோசையோடு வசவும் வாங்கினேன். பொருள் புரியாதது என் நல்வினை.

மேற்கு ஜெர்மனி 1961-ல் துருக்கியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வேலைக்கு வந்தவர்களில் பலர், இங்கும் எதிர்க்கரையிலுள்ள க்ரொய்ட்ஸ்பெர்க்கிலும் குடியேறினர். அவர்களுடைய சமையலறைக்கு வேண்டியது பெரும்பாலும் நமக்கும் வேண்டியதாகவே இருக்கிறது: கத்தரிக்காய், கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி, புதினா, நீளமான பச்சைமிளகாய். வெண்டைக்காய்கூடக் கிடைக்கிறது, ஆனால் சுண்டுவிரலில் பாதி நீளம்தான். வழக்கம்போல் ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். பொருளை அவரே எடுத்துத் தருவதுதான் இங்குள்ள முறை. மூன்றாம் முறை அதே கடைக்குச் சென்றபோது, நான் வாய் திறக்கும் முன்பே அவரே ஒன்றை ஒடித்துக் காட்டிச் சிரித்தார்.

சந்தை மாலை 6.30 மணியளவில் கலையும். கடைசி அரைமணி நேரத்தில் விலை சரசரவென்று இறங்கி, ஒரு யூரோவுக்கு ஒரு தட்டு நிறையப் பழம் என்ற நிலை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் நான் வாங்கிய ஸ்ட்ராபெர்ரியில் மேல் வரிசை மட்டும்தான் பழம். அடியில் இருந்தது கூழ். அன்றே சமைக்கப்போகும் காய்க்குச் சாயங்காலமும், இரண்டு நாள் வைத்திருக்கவேண்டிய பழத்துக்கு நண்பகலும் ஏற்ற நேரம் என்பது பணம் கொடுத்துக் கற்ற பாடம்.

பசித்தால் கோஸ்லெமே சாப்பிடுங்கள். நம் பூரிக்கட்டையைவிட மிக மெல்லிய, முழங்கையை விடவும் நீளமான கோலால் மாவைத் துணி போல விரித்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துக் கல்லில் சுடுகிறார்கள். உப்பு தூக்கலாக இருந்தாலும், அடுப்பருகே நின்று அந்த மாவு விரிவதைப் பார்ப்பதற்கே கொடுத்த காசு தகும்.

சாப்பிட்டபின் கால்வாய்க் கரையில் அமர்பவர்கள், காலிப் போத்தலைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அருகில் நிறுத்திவைத்துச் செல்வதைக் காணலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், சாதாரண பியர்ப் போத்தலுக்கு 8 சென்ட் கிடைக்கும் என்பதால், அவற்றைச் சேகரிப்பவர் தொட்டிக்குள் கைவிட வேண்டாமே என்ற எண்ணம்தான் காரணம். இது தெரியாமல் நான் முதலில் அவற்றையெல்லாம் பொறுப்பாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை நெரிசலில் தள்ளுவண்டிக் குழந்தையுடன் நுழைவது பெரும்பாடு. குழந்தையோடு வருபவர்களுக்குச் செவ்வாய்தான் உகந்தது. துணிப்பையும் சில்லறையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.