ஆணி குத்திய காலுக்குத் தையல் போட்டார்கள்: ஓர் எச்சரிக்கை

பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒன்று, என் காலணியின் ரப்பர் அடியைத் துளைத்து உள்ளங்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. பிடுங்கியபோது இரண்டு சொட்டு இரத்தம்தான் வந்தது. வெளியே தெரிந்தது மிளகளவுத் துளை.

நான் போன மருத்துவமனையில், எது குத்தியது, எவ்வளவு ஆழம், காலில் என்ன அணிந்திருந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்து, "உள்ளே ஒன்றுமில்லை" என்றார்கள். மேலாகத் துடைத்து, ஒரு தையலும் டி.டி. ஊசியும் போட்டு, இனிப் பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால் அந்த ஊசி தேவைதான். ஆனால் அது ரணஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்குமே தவிர, சீழ் பிடிப்பதைத் தடுக்காது.

மூன்றாம் நாள், குறைய வேண்டிய வலி விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. தொலைபேசியில் கேட்டதற்கு, "தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதை நம்பி மேலும் இரண்டு நாள் வீணாக்கினேன்.

ஐந்தாம் நாள் பார்த்த வேறொரு மருத்துவர், காயத்தைத் தொடுமுன் காலணியைக் கேட்டார். அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துளையின் ஓரத்தில் ஒரு துணுக்கு குறைகிறது என்றார். தையலைப் பிரித்ததும் சீழ் வடிந்தது. அதோடு அரிசி நுனியளவு கறுப்பு ரப்பர் வந்தது. உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரச்சிம்பும் ரப்பரும் பெரும்பாலும் தெரியாது, அவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இத்தகைய குத்துக்காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, தைக்காமல் திறந்தே விடுவதுதான் வழக்கமாம். வாயைத் தைத்துவிட்டால் அழுக்கும் கிருமியும் உள்ளேயே அடைபடும். வியர்த்த ரப்பர் காலணிக்குள் இருக்கும் சூடோமோனாஸ் என்னும் கிருமி, வழக்கமாக எழுதித்தரும் ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அடங்காது என்பதால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழை அனுப்பினார்.

முதல் மருத்துவமனையில் முறையிட்டபோது, எக்ஸ்ரேயில் தெரியாததற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். கேட்காமல் விட்ட மூன்று கேள்விகளுக்கு யார் பொறுப்பு என்றதற்குப் பதில் இல்லை. தொற்று எலும்புக்குப் போயிருந்தால் வாரங்கள் கழித்துத்தான் தெரியவரலாம் என்பதால் இன்னும் மறுபரிசோதனைக்குப் போய்வருகிறேன்.