ஸ்பேஸ் ஸ்டேஷன்ல உடம்புக்கு முடியலன்னா: சோயுஸா, டிராகனா, இல்ல அங்கேயே வைத்தியமா?

எது சீக்கிரம் கீழ கொண்டு வரும்னு மட்டும் பாத்தா ரஷ்யாவோட சோயுஸ் விண்கலம்தான். ஸ்டேஷன விட்டுப் பிரிஞ்சா சுமார் 3.5 மணி நேரத்துல கஜகஸ்தான் தரையில இருக்கும். ஸ்பேஸ்எக்ஸோட டிராகன் அவ்வளவு வேகம் கிடையாது, 2026 ஜனவரி 15 அன்னைக்கு க்ரூ-11ங்கற குழு அதுல வந்தப்போ 10 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனா நோயாளியா படுத்துக்கிட்டு யோசிச்சா கணக்கு மாறிடும்.

சோயுஸ் சீட்டப் பாருங்க. முழங்கால மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுத்து வச்சுக்கணும், மூணு பேரும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு, எல்லாரும் பிரஷர் சூட்ல, கால் முறிஞ்சவரையோ வயித்து வலியில துடிக்கிறவரையோ அதுக்குள்ள எப்படி மடக்குவீங்க? ஒழுங்கா இறங்கினா 4 ஜி அளவுக்கு அழுத்தம், அதாவது உடம்பு எடை 4 மடங்கு ஆன மாதிரி. கோளாறாகி பாலிஸ்டிக்கா, அதாவது எறிஞ்ச கல்லு மாதிரி செங்குத்தா விழுந்தா 8 ஜியத் தாண்டிடும். 2008 ஏப்ரல்ல சோயுஸ் டிஎம்ஏ-11 அப்படித்தான் விழுந்துச்சு, அதுவும் இறங்க வேண்டிய எடத்துக்கு 400 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. நல்லா இருந்த ஒருத்தரையே முதுகு வலியோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பின இறக்கம் அது.

டிராகன்ல கால நீட்ட எடம் இருக்கு, தண்ணியில இறங்குது, மீட்புக் கப்பல்லயே டாக்டர்கள் காத்துக்கிட்டு இருப்பாங்க, அங்க இருந்து ஹெலிகாப்டர். சிக்கல் என்னன்னா கடல் சும்மா இருக்கணும், காத்தோ அலையோ ஜாஸ்தின்னா தள்ளிப் போடணும், மூளையில ரத்தக் கசிவுன்னா அந்த நேரம் நம்ம கையில இல்ல.

மூணாவது வழி, இறங்காம அங்கேயே பாக்குறது. ஒரு விண்வெளி வீரருக்குக் கழுத்து ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருந்தத அல்ட்ராசவுண்ட்ல கண்டுபிடிச்சாங்க, கீழ இருந்து டாக்டர்கள் சொல்லச் சொல்ல கைவசம் இருந்த ஊசியப் போட்டாங்க, மாத்திரை அப்புறமா சரக்கு விண்கலத்துல போச்சு. மிஷன முடிச்சுட்டுத்தான் வந்தார். 2020ல மருத்துவ இதழ்லயே வந்த கேஸ் இது. ஆனா எல்லாமே இப்படி முடியாது, 1985ல சோவியத் ஸ்பேஸ் ஸ்டேஷன் சல்யுத்-7ல விண்வெளி வீரர் வசியுத்தினுக்கு இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல், அங்க இருந்த மருந்து கேக்கல, பல மாசம் இருக்க வேண்டியவங்க நவம்பர்லயே இறங்கிட்டாங்க.

யாரும் அதிகம் பேசாத விஷயம் சீட்டு. ஒருத்தருக்கு முடியலன்னா அவர் வந்த வண்டியில இருக்கற எல்லாரும் சேர்ந்துதான் இறங்கணும், இல்லன்னா மத்தவங்களுக்கு அவசரத்துக்குத் தப்பிக்க வண்டி இருக்காது. க்ரூ-11ல ஒருத்தருக்காக 4 பேரும் வந்தாங்க, ஸ்டேஷன்ல மிச்சம் 3 பேர். அந்த ஒருத்தர் அன்னைக்கு ஸ்டேபிளா இருந்ததால ஒரு வாரம் திட்டம் போட்டு இறக்க முடிஞ்சுது.

என் ஓட்டு இப்படித்தான்: தாங்குற நோய்னா அங்கேயே பாருங்க, ஸ்கேனும் ஆபரேஷனும் வேணும்னா டிராகன், சில மணி நேரம்தான் இருக்குன்னா மட்டும் சோயுஸ்.

உண்மையில தேவைப்பட்டது இது மூணும் இல்ல. எக்ஸ்-38னு 7 பேர இறக்குற மீட்பு வண்டியவே நாசா சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, 2002ல செலவக் காரணம் காட்டி நிறுத்திட்டாங்க. ட்ரீம் சேசர்ங்கற இறக்கை வச்ச விண்கலம் ரன்வேயில இறங்கும், அழுத்தம் 1.5 ஜி அளவுதான், மாரடைப்பு வந்தவருக்கு 4 ஜிக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனா இப்போதைக்கு அது சரக்கு வண்டியாத்தான் தயாராகுது, ஆள் ஏத்துற மாடல் இன்னும் பறக்கல.