டோனர் பொடி: நாமே நிரப்பினால் லாபமா?

மேலூரில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திரம், மனு எல்லாம் லேசர் பிரிண்டரில், டோனர் என்ற மைப்பொடி அடைத்த ஹெச்பி 12ஏ கார்ட்ரிட்ஜில்தான் ஓடுகிறது. நிரப்பித் தரும் தம்பி தடவைக்கு 300 ரூபாய் வாங்குவார். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு பாட்டில் பொடி 110 ரூபாய்க்குக் கிடைத்தது. சரி, நாமே செய்வோமே என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு முழுசாகப் போனது. பக்கவாட்டு ஊசிகளைக் கழற்றி, எழுத்தைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மில் வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் சுற்றி, கழிவுப் பொடியைக் கொட்டிவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும். நான் கழிவைக் கொட்ட மறந்தேன். மறுநாள் கிரயப் பத்திரம் நெடுகக் கறுப்புக் கோடு. 100 ரூபாய் முத்திரைத்தாள் என் கைக்காசில் போனது. வேட்டியில் சிந்தியதை வீட்டில் வெந்நீரில் அலசிவிட்டார்கள். டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூடு பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான் சரி. அந்த வேட்டி இப்போது கடையில் கரித்துணி.

பொடியைக் குறை சொல்ல முடியாது, எழுத்து கருகருவென்று விழுகிறது. மூடிதான் சொத்தை. தடவைக்கு 190 ரூபாய் மிச்சம். நான் கீறிவிட்ட டிரம்மை மாற்றிய செலவைக் கழித்தால் டீ, வடைக்குத் தேறும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுகிறேன். தம்பி கடைப்பக்கம் வந்தால், “அண்ணே, எங்க பொழப்பக் கெடுக்காதீங்கண்ணே” என்கிறார்.