அல்டிமா 4: எந்தப் பதிப்பில் ஆடுவது?

பல வருடங்களாக விட்டு விட்டு ஆடிவரும் கேம் இது. ஏறக்குறைய கைக்குக் கிடைத்த எல்லாப் பதிப்புகளிலும் ஆடிப் பார்த்துவிட்டேன். எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: ஊர்க்காரர்களிடம் கேட்கும் கேள்வியை நீங்களே டைப் செய்யவிடும் பதிப்பில் தொடங்குங்கள். படம், இசை எல்லாம் அப்புறம்.

ரிச்சர்ட் கேரியட் 1985-ல் ஆப்பிள் 2 கணினிக்காக உருவாக்கிய ரோல்-பிளேயிங் கேம், அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஊர் ஊராகச் சுற்றும் வகை. கடைசியில் கொல்வதற்கு ஒரு வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், கௌரவம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுப் பண்புகளில் உங்கள் பாத்திரம் தேற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கான மதிப்பெண் திரையில் எங்கும் தெரியாது.

மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, காசை நீங்களே எண்ணிப் போடச் சொல்வாள். முப்பது பொற்காசுக்குப் பொருள் வாங்கிவிட்டு ஒன்று என்று டைப் செய்தாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள். எச்சரிக்கை எதுவும் வராது. உள்ளுக்குள் உங்கள் நேர்மை மட்டும் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். இன்றைய கேம்கள் பலவற்றில் நல்லவன், கெட்டவன் என்று இரண்டு பட்டன் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த நுட்பத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

உரையாடலும் அப்படித்தான். பெயர், தொழில், நலம் என்ற மூன்று சொற்களை எவரிடமும் கேட்கலாம். வரும் பதிலில் ஏதோ ஒரு சொல் கண்ணில் படும். அதைத் திருப்பிக் கேட்டால் அடுத்த கதவு திறக்கும். ஒரு கோயிலின் மந்திரம் இன்னோர் ஊரில் யாரோ ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் நோட்டுப் புத்தகம் இல்லாமல் நகர முடியாது, அதுதான் இதன் சுகமே.

நிண்டெண்டோவின் என்இஎஸ் கேம் கருவிக்கு வந்த பதிப்பு எனக்கு ஒட்டாமல் போனது இதனால்தான். படங்களைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள், இசையும் புதிது. ஆனால் சொல் கேட்கும் முறையையே எடுத்துவிட்டார்கள். எதிரில் நிற்பவர் ஒன்றிரண்டு வரி சொல்வதோடு சரி. எட்டுப் பேர் கொண்ட நம் பயணக் குழுவில் நான்கு பேர்தான் ஒரு நேரத்தில் உடன் வருவார்கள். சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் கருவிக்கு வந்த பதிப்பு எவ்வளவோ தேவலை, அதில் பேச்சு சுருங்கினாலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய சொல்லை அதுவே எடுத்துக்கொடுத்துவிடுவதால் நாம் கண்டுபிடிக்க மிச்சம் இருப்பது குறைவு.

பழைய பிசிக்களின் டாஸ் இயங்குதளத்துக்கு வந்த பதிப்பு 16 வண்ணம், இசையே கிடையாது. ஆப்பிள் 2-ல் மாக்கிங்போர்டு என்ற ஒலி அட்டை இருந்தால் நல்ல இசை கேட்கும், டாஸில் ஆடியவர்களுக்கு அது வாய்க்கவில்லை. பிற்பாடு ரசிகர்களே ஒரு பேட்ச் (கேமைத் திருத்தும் சிறு மென்பொருள்) எழுதி 256 வண்ணப் படங்களையும் இசையையும் சேர்த்துவிட்டார்கள். கதையிலோ பேச்சிலோ கை வைக்கவில்லை. இந்த வேலைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். டாஸ் பதிப்பு ஜிஓஜி என்ற கேம் விற்பனைத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓடும்.

இப்போது நான் ஆடுவது எக்ஸ்யூ4. ஆர்வலர்கள் திறமூல மென்பொருளாக மீண்டும் எழுதியது, லினக்ஸிலும் ஓடும். மூலக் கேமில் மாயவித்தை மந்திரத்துக்கான மூலிகைகளை ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கலக்க வேண்டும். பாதிக்கு மேல் போனபின் இது கழுத்தறுப்பு. எக்ஸ்யூ4-ல் மொத்தமாகக் கலக்கும் வசதி உண்டு. சண்டைகள் மட்டும் இதிலும் நீளம்தான்: எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக நகர்த்தியாக வேண்டும், கடைசிப் பாதாளத்தில் பொறுமை தேவை.

பெட்டியோடு வந்த இரண்டு கையேடுகளையும் துணி வரைபடத்தையும் பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான மாயவித்தை மந்திரங்களுக்கு எந்த மூலிகை என்பது கையேட்டில்தான் இருக்கிறது. கேமின் அரசரான லார்டு பிரிட்டிஷின் கோட்டையில் ஹாக்விண்ட் என்ற ஞானி இருக்கிறார். ஒவ்வொரு பண்பிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று வாய்திறந்து சொல்வது அவர் ஒருவர்தான், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கேட்டுவிட்டு வாருங்கள்.