மலைக்குத் தோதான நூல்: டெக்ஸ் 70 பாண்டட் பாலியஸ்டர்

கோத்தகிரிப் பக்கம் டென்ட், ரக்சாக் (முதுகில் மாட்டும் பெரிய பை), தார்ப்பாய் என்று எதையாவது பழுதுபார்த்துக்கொண்டே இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம் என்று நான் சொல்லும் நூல் இதுதான். 1000 மீட்டர் நூல் 70 கிராம் எடை இருந்தால் அது டெக்ஸ் 70. சில கோனில் டெக்ஸ் போட்டிருக்காது, 69 என்றோ டிக்கெட் 40 என்றோ இருக்கும், ஏறக்குறைய அதே கனம்தான். டிக்கெட் கணக்கு மட்டும் தலைகீழ்: எண் ஏற ஏற நூல் மெலிசாகும்.

கடையில் கேட்டால் பெரும்பாலும் நைலானைத்தான் எடுத்துப் போடுவார்கள். கையில் சுற்றி இழுத்துப் பார்த்தால் அதுவும் பலமாகத்தான் இருக்கும், ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் அருமையான நூல். ஆனால் நம் மலையில் வெயில் ஒரு பக்கம், ஈரம் இன்னொரு பக்கம். உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும், அது நைலானைச் சீக்கிரம் வலுவிழக்க வைக்கும், போதாததற்கு நைலான் தண்ணீர் குடித்து இளகும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை, அப்போது நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும் கூடாரத்துக்குப் பாலியஸ்டர்தான் சரி. பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், பூஞ்சை பிடித்து இற்றுப்போகும்.

பாண்டட் என்பதை விட்டுவிடாதீர்கள். இழைகளை ஒரு பூச்சு சேர்த்துப் பிடித்திருப்பதால் வெட்டிய நுனி பிரியாது, ஊசிக்காதில் ஒரே குத்தில் நுழையும். ரக்சாக்கின் தோள்வார் பையோடு சேரும் இடத்தைப் பாருங்கள், முழு பாரமும் அந்த நாலு விரல் அகலத்தில்தான் தொங்குகிறது. அங்கே பெட்டி வடிவில் தையல் போட்டு நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி தைத்தேன், மடித்து இழுத்தாலும் இழை ஒன்றுகூட மேலே எழும்பவில்லை. தையலை மட்டும் ரொம்ப நெருக்கிப் போடாதீர்கள், துணி துளை துளையாகி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஊசி 18-ஆம் நம்பர் போடுங்கள், மேல் நூலின் இறுக்கத்தையும் (டென்ஷன்) கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். பழைய இரும்பு மெஷின் அலட்டிக்கொள்ளாமல் தைக்கிறது, லேசான பிளாஸ்டிக் மெஷினில் அடியில் சிக்கு விழுகிறது. அப்புறம், டென்ட்டின் மெல்லிய மேல்துணிக்கு இந்தக் கனம் ஆகாது. அதற்கு டெக்ஸ் 40 அளவிலான பாலியஸ்டரும் சின்ன ஊசியும் போதும், பெரிய ஊசி போட்ட துளையெல்லாம் மழையில் ஒழுகும். எந்த ஊசியானாலும் தைத்த கோட்டின் மேல் சீம் சீலர் (தையல் துளைகளை அடைக்கும் பசை) தடவியே ஆக வேண்டும்.

ஒரே குறை, கிடைப்பதுதான். இங்கே டெய்லர் கடைகளில் இருப்பதெல்லாம் சட்டை தைக்கிற நூல், நான் கோவை டவுன்ஹால் பக்கம் போய்த்தான் வாங்கினேன். அங்கேயும் கறுப்பும் வெள்ளையும்தான் இருந்தது, அதுவும் பெரிய கோனாக. நாலு பேர் சேர்ந்து ஒரு கோன் வாங்கி பாபினில் சுற்றிப் பங்கு போட்டுக்கொண்டால் கட்டுப்படியாகும்.